கல்லறைத் தோட்டத்திலிருந்து சாக்குப்பையில் தப்பிய செடி!

கோல்டன் கேட் பாலத்தை சினிமாவில் எத்தனையோ முறை பார்த்திருப்போம். சான் பிரான்சிஸ்கோவில், கடல் மூடுபனிக்கு நடுவே சிவப்பாக நிற்குமே, அதே பாலம்தான். 2009 அக்டோபரில், அந்தப் பாலத்துக்கு வந்து சேரும் பழைய நெடுஞ்சாலையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்பதால் அந்த வேலை. அதற்காகச் சாலையோரம் இருந்த மரங்களை வெட்டி அகற்றியிருந்தார்கள்.

அந்த வழியே காரில் வந்தார் டேனியல் குளூசன்காம்ப் என்ற சூழலியலாளர். பருவநிலை மாற்றம் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன மண்திட்டு. அதில் தரையோடு தரையாகப் படர்ந்திருந்த ஒரு புதர் அவர் கண்ணில் பட்டது. நமக்கெல்லாம் அது வெறும் புதர். அவருக்கோ தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அவர் சந்தேகப்பட்ட அந்தச் செடி காட்டில் அழிந்துபோய் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதாக எல்லாப் புத்தகங்களும் சொல்லிக்கொண்டிருந்தன.

வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, அதேதான். பெயர், பிரான்சிஸ்கன் மான்சனிட்டா.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. 60 ஆண்டுகளாக இல்லாத செடியை, ஓடும் காரிலிருந்து ஒருவரால் எப்படி அடையாளம் காண முடிந்தது? செடி காட்டில்தான் அழிந்திருந்தது. சில தோட்டங்களில் உயிரோடு இருந்தது. அப்படி அதைக் காப்பாற்றி வைத்ததில் முக்கியமானது, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், பெர்க்லி மலையில் இருக்கும் ஒரு பத்து ஏக்கர் தாவரவியல் தோட்டம். இந்த வாரம் நாம் போகப்போவது அங்கேதான்.

ரோஜாவும் இல்லை, துலிப்பும் இல்லை

தாவரவியல் பூங்கா என்றதும் நம் மனதில் என்ன வரும்? வெட்டிவிட்ட புல்வெளி, வரிசையாகப் பூப்பாத்திகள், ஒரு கண்ணாடி மாளிகை, அதற்குள் வெளிநாட்டுப் பூக்கள், அவற்றின் முன்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டம். உலகத்தின் பழைய பூங்காக்கள் பலவும் அப்படித்தான் உருவாயின. எங்கோ தூர தேசத்தில் இருக்கும் அதிசயத்தைக் கொண்டுவந்து உள்ளூர்க்காரர்களுக்குக் காட்டுவதுதான் அவற்றின் பெருமை.

பெர்க்லி மலைகளில், டில்டன் பூங்காவுக்குள் இருக்கும் இந்தத் தோட்டம் நேர் எதிரான ஒரு விதியோடு தொடங்கியது. கலிபோர்னியாவின் சொந்தச் செடிகள் மட்டுமே இங்கே வளரும். பக்கத்து நாட்டு அழகிக்கு இடமில்லை. உள்ளூர்ப் புல்லுக்கு இடம் உண்டு. தோட்டத்தின் பெயரே 'ரீஜினல் பார்க்ஸ் பொட்டானிக் கார்டன்'. அதாவது, வட்டாரப் பூங்காக்களின் தாவரவியல் தோட்டம்.

அந்த 'வட்டாரப் பூங்கா'வுக்கே ஒரு கதை உண்டு. 1934. அமெரிக்காவே பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த நேரம். வேலை இல்லை, கையில் காசு இல்லை. அப்போதும் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருந்த ஊர்களின் மக்கள் தேர்தலில் வாக்களித்து, தங்கள் மேல் தாங்களே ஒரு வரியைப் போட்டுக்கொண்டு, இந்த மலைகளைப் பொதுப் பூங்காக்களாக வைத்துக்கொண்டார்கள். அப்படி வந்த நிலத்தில் 1940 ஜனவரி 1-ம் தேதி பிறந்ததுதான் இந்தத் தோட்டம். நுழைவுக் கட்டணம் இன்றும் கிடையாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு மாநிலம்

கலிபோர்னியா ஒரு விசித்திரமான பூமி. மேற்கே குளிர்ந்த கடல். வடக்கே நாள் முழுக்க ஈரம் சொட்டும் காடு. கிழக்கே பனி மூடிய சியரா நெவாடா மலை. தெற்கே பாலைவனம். நடுவே கோடையில் காய்ந்து பொன்னிறமாகும் புல்வெளிகள். அங்கே மண்ணுக்குரிய தாவர இனங்கள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக வளராதவை.

இதை எப்படித் தோட்டமாக அடுக்குவது? அகர வரிசையில் வைக்கலாம். குடும்பம் குடும்பமாக வைக்கலாம். பூவின் நிறப்படி வைக்கலாம். இந்தத் தோட்டத்தை அமைத்தவர்கள் நிலத்தின் படி வைத்தார்கள். கடலோரப் பாறைச் சரிவு ஒரு பகுதி. செம்மரக் காடு (அந்த ஊரின் ரெட்வுட்) ஒரு பகுதி. சியரா மலை ஒரு பகுதி. வடக்கே சாஸ்தா-கிளமத் மலைகள், கடலுக்குள் இருக்கும் சேனல் தீவுகள், நடுப்பள்ளத்தாக்கும் அதன் அடிவாரக் குன்றுகளும், தென் கலிபோர்னியா, சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள 'பிரான்சிஸ்கன்' பகுதி என்று ஒவ்வொன்றும் தனித்தனி. எந்தச் செடி எந்தச் செடியோடு கூடி வாழ்கிறதோ, அதே கூட்டத்தோடுதான் இங்கேயும் நிற்கும்.

நமக்கு இது புரிவது கஷ்டமே இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையே பூவின் பெயரால் பிரித்துவைத்த மொழி நம்முடையது. மலைக்கு ஒரு பூ, கடற்கரைக்கு ஒரு பூ. அந்தக் கணக்கில் சொன்னால், இது கலிபோர்னியாவின் திணைகளைப் பத்து ஏக்கருக்குள் அடுக்கிவைத்த தோட்டம். நடுவே வைல்ட்கேட் ஓடை ஓடுகிறது. ஒரு மணி நேரம் நடந்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு மாநிலத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

வானத்தை மாற்ற முடியாது, தரையை மாற்றலாம்

கேட்க அழகாக இருக்கிறது. செய்வதுதான் தலைவலி. பத்து ஏக்கர் முழுக்கப் பெய்வது ஒரே மழை, அடிப்பது ஒரே வெயில். பாலைவனச் செடிக்கு இந்த மழை மிக அதிகம். பனிமலைச் செடிக்கு இந்தக் குளிர் போதாது. தோட்டக்காரரால் வானத்தை மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது தரை மட்டும்.

அதனால் தரையில்தான் எல்லா வேலையும். உயர்ந்த மலைச் செடிகள் பாறை இடுக்குகளில் வாழ்பவை. வேரடியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அவற்றுக்குக் கல்லும் சரளையும் போட்டு மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும். வறண்ட நிலத்துச் செடிக்கு மழைநீர் நிற்காமல் ஓடும் சரிவு வேண்டும், நாள் முழுக்க வெயிலும் வேண்டும். நிழலில் வாழும் பெரணிக்கு ஓடையோரமும் மேலே மரக்கூரையும் வேண்டும். மணல்மேட்டுச் செடிக்கு மணலே வேண்டும். உரம் போட்டுக் கொழுத்த மண்ணில் வைத்தால் நோஞ்சானாகிவிடும் செடிகளும் உண்டு.

செம்மரத்தின் தேவை இன்னும் வேடிக்கையானது. உலகத்திலேயே உயரமான மரம் இதுதான். அளந்து பார்த்ததில் மிக உயரமானது 115 மீட்டரைத் தாண்டுகிறது. அந்தக் கடற்கரையில் கோடையில் மழை கிடையாது. ஆனால் கடலிலிருந்து மூடுபனி வரும். அந்தப் பனி இலைகளில் பட்டுத் துளியாகி, மரத்தடியில் மழை மாதிரி சொட்டும். கோடையைக் கடத்த அந்தச் சொட்டு மரத்துக்கு உதவுகிறது. ஒரு மரத்தைப் பேணுவது என்றால் அதன் பனியையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது!

இன்னொரு விஷயம், பெயர்ப்பலகை. ஒரு செடி எந்த இனம் என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதன் விதையோ குச்சியோ எந்த மலையில், எந்தச் சரிவில், எப்போது எடுக்கப்பட்டது என்ற பதிவும் கூடவே இருக்க வேண்டும். ஆதார் அட்டை மாதிரி. வாங்கி வைத்த அழகுச் செடிக்கும், காட்டின் சாட்சியாக நிற்கும் செடிக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. அந்தப் பதிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத்தான் பிரான்சிஸ்கன் மான்சனிட்டா பின்னால் காட்டியது.

பாம்புப் பாறையில் ஒரு குட்டி ஆப்பிள்

மான்சனிட்டா என்றால் ஸ்பானிய மொழியில் 'குட்டி ஆப்பிள்'. காய் அப்படி இருக்கும். வழவழவென்று செம்பழுப்பு நிறப் பட்டை, தடித்த சின்ன இலை, கவிழ்த்துவைத்த குடம் மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. கலிபோர்னியாவில் இந்தக் குடும்பத்தில் டஜன் கணக்கில் இனங்கள். சில இனங்கள் ஒரே ஒரு மலையில், ஒரே ஒரு சரிவில் மட்டும் இருக்கும்.

பிரான்சிஸ்கன் மான்சனிட்டா அப்படிப்பட்ட ஒன்று. அது இருந்தது சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குள் மட்டும். அதிலும் சர்ப்பென்டைன் போன்ற பாறை தலைநீட்டும் சில இடங்களில்தான். சர்ப்பென்டைன் என்றால் பாம்பைப் போன்றது என்று பொருள். பாம்புத் தோல் மாதிரி பச்சையாக மினுங்கும் பாறை. அதிலிருந்து வரும் மண் செடிகளுக்கு எமன். மக்னீசியம் அதிகம், கால்சியம் குறைவு, நிக்கல் போன்ற உலோகங்கள் வேறு. சாதாரணச் செடிகள் அங்கே தலையெடுக்காது. அதையே பழக்கிக்கொண்ட செடிக்கு ஒரு லாபம் உண்டு. போட்டிக்கு ஆள் வராது.

ஆனால் ஒரு போட்டியாளர் வந்தார். நகரம்.

1849 தங்க வேட்டைக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ கிடுகிடுவென்று வளர்ந்தது. மணல்மேடுகள் தெருக்களாயின, குன்றுகள் குடியிருப்புகளாயின. மான்சனிட்டா நின்ற பாறைகளில் சில மட்டும் மிஞ்சின. அதற்குக் காரணம் அங்கே புதைக்கப்பட்ட மனிதர்கள். 1854-ல் திறக்கப்பட்டு, பிறகு லாரல் ஹில் என்று பெயர் பெற்ற கல்லறைத் தோட்டம் அது. கல்லறைகளுக்கு நடுவே இருந்த பாறை மேட்டை யாரும் வெட்டவில்லை, வீடு கட்டவில்லை. செடி நிம்மதியாக இருந்தது.

சாமி பயத்தால் கை வைக்காமல் விட்ட கோயில் காடுகளை நமக்குத் தெரியும். புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு போன்ற இடங்களில், நம் கிழக்குக் கடற்கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. அங்கே அய்யனார் காத்தார். சான் பிரான்சிஸ்கோவில் இறந்தவர்கள் காத்தார்கள்.

புல்டோசருக்கு முன்னால் ஒருவர்

அந்தக் காவலும் நிலைக்கவில்லை. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது. 1900-ல் நகர எல்லைக்குள் புதிதாக யாரையும் புதைக்கக் கூடாது என்று தடை வந்தது. பிறகு, ஏற்கெனவே புதைத்தவர்களையும் அப்புறப்படுத்த வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கான உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு, தெற்கே கொல்மா என்ற சிற்றூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்றும் அந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிடப் புதைக்கப்பட்டவர்களே அதிகம்!

லாரல் ஹில் காலியானது. 1947-ல் புல்டோசர்கள் வந்தன. பிரான்சிஸ்கன் மான்சனிட்டாவுக்கு எஞ்சியிருந்ததாகத் தெரிந்த கடைசி இடம் அதுதான்.

அப்போது அங்கே போனவர் ஜேம்ஸ் ரூஃப். பெர்க்லி மலைத் தோட்டத்தைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதை நடத்தியவர். மண்வெட்டியும் சாக்குப்பையுமாகப் போய், கல்லறை மேட்டிலிருந்து செடியைத் தோண்டி எடுத்துக்கொண்டு தன் தோட்டத்துக்குத் திரும்பினார். சில நாட்களில் அந்தக் குன்று மட்டமாக்கப்பட்டது. அதோடு, காட்டில் பிரான்சிஸ்கன் மான்சனிட்டா இல்லை என்று எழுதப்பட்டது.

தோட்டத்தில் செடி வேர்பிடித்தது. அதிலிருந்து குச்சிகளை வெட்டி வேர்விடவைத்து, புதுச் செடிகள் உருவாக்கினார்கள். வேறு தோட்டங்களுக்கும் அது போனது. சில நர்சரிகளில் விலைக்கும் கிடைத்தது. பெர்க்லி தோட்டத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அது பூத்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பிப் போகத்தான் ஊர் இல்லை.

தோட்டத்துக்கே வந்த ஆபத்து

கதையில் அடுத்த திருப்பம் 1960-களில். செடிகளைக் காப்பாற்றிய தோட்டத்தையே அகற்றும் யோசனை வந்தது. பூங்கா நிர்வாகம், இந்தத் தோட்டத்தை இங்கிருந்து வேறொரு பூங்காவுக்கு மாற்றிவிடலாம் என்று திட்டமிட்டது.

'மாற்றுவதுதானே, அழிக்கவில்லையே' என்று தோன்றலாம். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல் அடுக்கி, சரிவு பார்த்து, வேர் இறங்கிய மரங்களை எப்படி மாற்றுவது? ஒரு நாற்றை இடம் மாற்றலாம். ஒரு காட்டைப் பெட்டி படுக்கையோடு குடிமாற்ற முடியுமா?

பெர்க்லியின் தாவர ஆர்வலர்கள், பேராசிரியர்கள், தோட்டத்துக்கு வந்துபோகும் சாதாரண மக்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஜெயித்தார்கள். தோட்டம் அதே இடத்தில் தங்கியது. பொதுவாக இங்கேதான் கதை முடியும், போராட்டக் குழு கலைந்துவிடும். இவர்கள் கலையவில்லை. 'ஒரு தோட்டத்தைக் காப்பாற்றிவிட்டோம். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் செடிகளை யார் காப்பாற்றுவது?' என்ற கேள்வியோடு 1965-ல் 'கலிபோர்னியா நேட்டிவ் பிளான்ட் சொசைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று மாநிலம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட கிளைகள். 1974-ல் அவர்கள் வெளியிட்ட அரிய தாவரப் பட்டியல், திருத்தித் திருத்தி இன்றுவரை தொடர்கிறது. கலிபோர்னியாவில் ஒரு சாலையோ கட்டடமோ வரும்போது, அந்த நிலத்தில் அரிய செடி இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் புரட்டும் பட்டியல் அது.

காரிலிருந்து புதரைப் பார்த்தாரே குளூசன்காம்ப், அவர் பிற்காலத்தில் இதே அமைப்பின் செயல் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

ஒரு புதருக்கு 90 லட்சமா?

இப்போது மறுபடி 2009-க்கு வருவோம். புதர் கிடைத்துவிட்டது. ஆனால் அது நிற்பது, கட்டப்படப்போகும் சாலையின் நடுவில். சாலையை நிறுத்த முடியாது. செடியை விடவும் முடியாது.

முதலில் செடியிலிருந்து குச்சிகளும் விதைகளும் எடுத்துத் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். பெர்க்லி மலைத் தோட்டமும் அதில் ஒன்று. 1947-ல் சாக்குப்பையில் தப்பிய செடியின் வாரிசுகள் நிற்கும் அதே தோட்டத்துக்கு, அதன் காட்டு உறவு வந்து சேர்ந்தது. பிறகு 2010 ஜனவரியில், தாய்ச்செடியை வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்தார்கள். வேர்க்கட்டு மட்டும் ஏறக்குறைய பத்து டன். கிரேனால் தூக்கி, லாரியில் ஏற்றி, அருகிலுள்ள பிரசிடியோ பூங்காவுக்குள் வேறொரு சரிவில் நட்டார்கள். பிரசிடியோ முன்னாள் ராணுவத் தளம். 1994-ல் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது.

செலவு இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் நம் காசுக்குச் சுமார் 90 லட்சம் ரூபாய். உடனே விமர்சனம் எழுந்தது. 'நர்சரியில் சில டாலருக்குக் கிடைக்கும் செடிக்கு இவ்வளவு செலவா?'

நியாயமான கேள்விதான். பதிலும் எளிமையானதுதான். ஒரு செடியின் குச்சியை வெட்டி நட்டு ஆயிரம் செடி உருவாக்கினாலும், மரபுப்படி அது ஒரே செடிதான். ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. ஒரு நோய் வந்து அந்த ஒன்று வீழ்ந்தால் ஆயிரமும் வீழலாம். தோட்டங்களில் இருந்ததெல்லாம் லாரல் ஹில்லிலிருந்து வந்த சில செடிகளின் பிரதிகள். நெடுஞ்சாலைத் திட்டில் கிடைத்ததோ, அவற்றில் சேராத தனி ஆள். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று மகரந்தம் மாற்றிக்கொண்டால்தான் புது விதை, புது தலைமுறை. திட்டில் நின்ற செடி மட்டும் இருந்திருந்தால் அது ஒற்றைக் கிழவி. தோட்டச் செடிகள் மட்டும் இருந்திருந்தால் அவை சில பிரதிகள். இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பம்.

செடிகள் எங்கிருந்து வந்தவை என்ற பதிவு ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும். 'எங்கோ கிடைத்த மான்சனிட்டா' என்று மட்டும் இருந்திருந்தால், யாரோடு யாரைச் சேர்ப்பது என்று யாருக்குத் தெரியும்?

2012-ல் அமெரிக்க அரசு இந்தச் செடியை ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அடுத்த ஆண்டு, அது வாழத் தேவையான இடமென்று நகரத்துக்குள்ளேயே சுமார் 230 ஏக்கரைக் குறித்துவைத்தது. சான் பிரான்சிஸ்கோ மாதிரி நிலம் தங்க விலை விற்கும் ஊரில்!

தோட்டம் தர முடியாதது

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் எல்லாச் செடியையும் ஒரு தோட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதுமே' என்று ஒரு முடிவுக்கு வரலாம். அங்கேதான் கொஞ்சம் கவனம் தேவை.

இதே பிரசிடியோவில் மான்சனிட்டாவின் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. ராவன் மான்சனிட்டா. 1950-களின் தொடக்கத்தில், பதின்ம வயதில் செடி தேடி அலைந்துகொண்டிருந்த பீட்டர் ராவன் கண்டெடுத்தது. அந்தப் பையன் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மிசௌரி தாவரவியல் தோட்டத்தின் தலைவரானார். வீட்டில் பூச்சி, இலை, கல் என்று பொறுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைத் திட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள்!

ராவன் மான்சனிட்டாவுக்குக் காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு தாய்ச்செடி. குச்சியிலிருந்து வளர்த்த பிரதிகள் தோட்டங்களில் இருக்கின்றன, காட்டிலும் நடப்பட்டிருக்கின்றன. சட்டப் பாதுகாப்பு 1979-லேயே வந்துவிட்டது. இருந்தும் அது தானாகப் பெருகும் கூட்டமாக மாறவில்லை. ஏனென்றால் ஒரு செடிக்குத் தேவை வெறும் மண் இல்லை. மகரந்தம் சுமக்கும் தேனீ வேண்டும். வேரோடு கூட்டு வாழும் பூஞ்சை வேண்டும். விதையைக் கொண்டுபோகும் பறவையோ விலங்கோ வேண்டும். பல மான்சனிட்டாக்களின் விதை முளைக்க, எப்போதாவது ஒரு காட்டுத்தீ கூட வேண்டும். நகரத்துக்கு நடுவே தீக்கு எங்கே போவது?

தோட்டத்தால் செடியை வைத்திருக்க முடியும். அந்தத் தொடர்புகள் முழுவதையும் வைத்திருக்க முடியாது. தோட்டம் ஆஸ்பத்திரி மாதிரி. உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் யாரும் ஆஸ்பத்திரியிலேயே குடும்பம் நடத்த முடியாது. திரும்பிப் போக வீடு வேண்டும். பெர்க்லி தோட்டம் செடிகளை நிலம் நிலமாகப் பிரித்து வைத்திருப்பதன் அர்த்தமும் இதுதான். 'இந்தச் செடி அழகு' என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், 'இந்தச் செடியின் வீடு இது, அது இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறது.

போனில் படிக்கும் உங்களுக்கு

பெயர்த்து நட்ட அந்தத் தாய்ச்செடி பிரசிடியோவில் எங்கே இருக்கிறது தெரியுமா? சொல்ல மாட்டார்கள். இடம் ரகசியம். பார்க்க வருபவர்கள் வேரடியை மிதித்து இறுக்கிவிடுவார்கள், ஆளுக்கொரு குச்சி ஒடிப்பார்கள். செருப்பு மண்ணில் ஒட்டிவரும் நுண்ணுயிர் கூட வேரழுகல் நோயைக் கொண்டுவந்துவிடும். மான்சனிட்டாக்களுக்கு அந்த நோய் பெரிய எதிரி.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். மலைக்கோ காட்டுக்கோ போகும்போது அபூர்வமான செடி, ஆர்க்கிட் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தாராளமாகப் படம் எடுங்கள். இடத்தைச் சரியாகக் காட்டும் லொகேஷனோடு உடனே ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வேரோடு பிடுங்கி வீட்டுத் தொட்டிக்கும் கொண்டுவராதீர்கள். இடம் தெரிய வேண்டியது தாவரவியல் படித்தவர்களுக்கும் வனத்துறைக்கும்தான்.

அடுத்த முறை குடும்பத்தோடு எந்தத் தாவரவியல் பூங்காவுக்குப் போனாலும், பூவைப் பார்த்த பிறகு பெயர்ப்பலகையையும் பாருங்கள். 'சொந்த ஊர்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? பிரேசிலா, ஆஸ்திரேலியாவா, பக்கத்து மலையா? நம் வட்டாரத்துச் செடிகளுக்கென்று ஒரு மூலை இருக்கிறதா? இருந்தால் பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். இல்லையென்றால் அங்கே இருக்கும் அலுவலரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த பாத்தி அதுவாக இருக்கலாம்.

ஜேம்ஸ் ரூஃப் 1980-களிலேயே காலமாகிவிட்டார். தான் சாக்குப்பையில் சுமந்துவந்த செடிக்கு ஒரு காட்டு உறவு நெடுஞ்சாலை நடுவே உயிரோடு இருந்தது அவருக்குத் தெரியாது. லாரல் ஹில் வழித்தோன்றல்களையும் நெடுஞ்சாலைச் செடியின் வழித்தோன்றல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நடுவதுதான் மீட்புத் திட்டத்தின் அடிப்படை. பிரசிடியோவின் பாம்புப் பாறைச் சரிவுகளில் அந்த வேலை தொடங்கியிருக்கிறது. பூத்துக் காய்த்து, விழுந்த விதையிலிருந்து தானாக ஒரு நாற்று தலைநீட்டினால்தான் அந்த வேலை ஜெயித்ததாகக் கணக்கு. தோட்டக்காரர்கள் அந்த ஒரு நாற்றுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.